இரண்டு பேருக்கு ஒரு குரல்

ராமநாதபுரம் கேணிக்கரையில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் சென்டருக்கு வேலை கேட்டு நான் போனபோது அதை நடத்துகிறவர் வாசலிலேயே நின்றிருந்தார். என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, “யாரு?” என்றார். பெயரைச் சொன்னேன். “யாரு மக?” சொன்னேன். “எந்தத் தெரு?” சொன்னேன். எல்லாம் முந்தின நாளே அவருடைய தம்பியிடம் சொல்லி அனுப்பியிருந்ததுதான். எல்லாவற்றையும் என் வாயால் கேட்டு முடித்த பிறகுதான் வழியை விட்டு விலகினார்.

அங்கே ஐந்தாறு வருஷம் வேலை பார்த்தேன். அந்தக் கேள்வி ஒரு நாளும் நின்றதில்லை. டீ கொண்டுவருகிறவரிடம், கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவரிடம், தினமும் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் எல்லாம் ஒரே ‘யாரு?’தான். “சார், நேத்தும் நான்தான் வந்தேன்” என்று யாராவது சலித்துக்கொண்டால், “இன்னைக்கும் நீதானான்னு பாக்கணும்ல” என்பார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

நாற்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தான் வரைக்கும் போட்டிருப்பார். கல்யாணம் ஆகவில்லை. சென்டருக்குப் பின்னால் இருந்த அறையில்தான் சமையலும் படுக்கையும். தணிந்த குரலில் பேசுவார். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் குரல் லேசாகக் கரகரத்து அடங்கும்.

சென்டரை அவருக்கு வைத்துக் கொடுத்தது தம்பிதான். தம்பிக்கு மண்டபத்தில் போட் எஞ்சின் சாமான் விற்கும் கடை. ராமநாதபுரத்திலேயே வீடு கட்டி, மனைவி பிள்ளைகளோடும் வயதான அம்மாவோடும் இருந்தார். வாரத்தில் நாலு நாளாவது கடை முடிந்து பஸ் இறங்கி நேரே சென்டருக்கு வருவார். கையில் வறுத்த நகரை மீனோ பொரித்த நண்டோ இருக்கும். அண்ணனுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார மாட்டார். இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒருமுறை தம்பிக்கு ரயில்வே கேட் பக்கத்தில் விபத்து. முன்பின் தெரியாத ஒருவர் ஓடிவந்து, “ஒங்க தம்பி பெரியாஸ்பத்திரில கெடக்காரு, வெரசா வாங்க” என்றார். இவர், “நீங்க யாரு?” என்று ஆரம்பித்தார். எந்த ஊர், எதற்காக அங்கே நின்றீர்கள், அது என் தம்பிதான் என்று உங்களுக்கு யார் சொன்னது. வந்தவர் கோபப்பட்டுப் போய்விட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விசாரித்துச் சொன்ன பிறகுதான் இவர் செருப்பை மாட்டினார். கையில் கட்டோடு படுத்திருந்த தம்பிக்கு வருத்தமே இல்லை. “அண்ணன் அப்படித்தான் தாயி. அவரு பட்டது அப்படி” என்றார்.

பட்டது என்ன என்பதை ஊருக்குள் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தேன். முழுசாகத் தெரிந்தது அந்தக் கம்ப்யூட்டர் வேலையை நாங்கள் தொடங்கிய பிறகுதான்.

அந்த வேலைக்குக் காரணம் கண் தெரியாத ஒரு டீச்சர். மதுரையில் பார்வையற்ற பெண்களுக்கான விடுதியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். லீவுக்கு ஊருக்கு வரும்போது எங்கள் சென்டருக்கு வந்து சொல்லச் சொல்ல நான் டைப் அடித்துக் கொடுப்பேன். ஒருநாள் கடிதத்தின் நடுவில் நிறுத்தி, “பின்னாடி நிக்கிறது யாரு?” என்றார். திரும்பிப் பார்த்தால் பிரின்ட் எடுக்க வந்த ஆள் ஒருவர் என் தோளுக்கு மேலாகத் திரையைப் படித்துக்கொண்டிருந்தார். அது டீச்சர் தன் கணவருக்கு எழுதிக்கொண்டிருந்த கடிதம்.

டீச்சர் அதற்கு மேல் கடிதத்தைத் தொடரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “எங்களுக்கு எழுதவும் ஒரு ஆளு வேணும், படிக்கவும் ஒரு ஆளு வேணும். எங்க பிள்ளைங்களுக்கு ரகசியம்னு ஒண்ணு கெடையாதும்மா” என்று சொல்லிவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்குச் சென்டரை மூடும்போது சார் என்னைக் கேட்டார். “வாயால சொன்னா கேக்குற மாதிரி கம்ப்யூட்டர ஆக்க ஏலுமா? ஆனா அவங்கவங்க வாய்க்கு மட்டுந்தான் கேக்கணும்.”

ஏலும் என்று படித்திருந்தேன். செய்து பார்த்ததில்லை. இங்கிலீஷுக்கு அப்படிச் சில இருந்தன. தமிழுக்கு எங்களுக்குத் தெரிந்து எதுவும் இல்லை. புரோகிராம் எழுதியது பெரும்பாலும் நான். குரலைப் பற்றி யோசித்தது முழுக்க அவர். ரேடியோ மெக்கானிக்காக இருந்து வந்தவர் என்பதால் ஒலியின் நெளிவு அவருக்கு அத்துபடி. மத்தியானம் தெரு அடங்கியதும் ஃபேனை நிறுத்தி, ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து வார்த்தைகளைப் பதிவு செய்வோம். ‘திற’, ‘மூடு’, ‘படி’, ‘எழுது’, ‘அழி’. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வரைபடம் மாதிரி கம்ப்யூட்டர் எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை பேசும்போது அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும்.

கூப்பிட்டால் முழித்துக்கொள்ள ஒரு வார்த்தை வேண்டும். அவர் ‘ஏலே’ என்று வைத்தார். டீச்சர் அதைக் கேட்டு, “நான் எப்படிங்க ஏலேன்னு கூப்புடுறது?” என்று சிரித்தார். பிறகு அவரவர் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றினோம். கூப்பிட்டதும் கம்ப்யூட்டர் முதலில் கேட்பது ‘யாரு?’ என்றுதான். அதற்கு என் குரலைப் பதிவு செய்திருந்தோம். அவர் குரலைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

சில மாதங்களில் அது அவருக்குக் கட்டுப்பட்டது. நான் கூப்பிட்டால் அசையாது. ஒருநாள் நான் யோசனை இல்லாமல், “சார், உங்க குரலை டேப்ல பிடிச்சு யாராவது போட்டுக் காட்டினா?” என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. உள்ளே போய் ஒரு டேப் ரிக்கார்டரை எடுத்துவந்தார். தன் குரலைப் பதிந்து மைக்குக்கு முன்னால் ஓடவிட்டார். கம்ப்யூட்டர் திறந்துகொண்டது. டேப்பை நிறுத்தினார்.

அன்று சொன்னார். நயினார்கோவில் பக்கத்தில் விவசாயக் குடும்பம். மழை பொய்த்த வருஷங்களில் அவர் மட்டும் கிளம்பித் தங்கச்சிமடத்தில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். பிறகு தம்பியையும் கூட்டி வைத்துக்கொண்டார். தம்பிக்கு அப்போது மீசை அரும்பும் வயசு. போட்டுக்காரர்களின் வயர்லெஸ் செட்டுகளும் ரிப்பேருக்கு வரும். அக்கரையில், இலங்கையில், சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் போலீஸ் வந்து இவரைக் கூட்டிப்போனது. ஒரு அறையில் உட்காரவைத்து ஒரு டேப்பைப் போட்டுக் காட்டினார்கள். வயர்லெஸ்ஸில் அக்கரையோடு யாரோ பேசுவது. இரண்டே வரி. “ஒன் குரலா இல்லையா?” என்று கேட்டார்கள்.

“என் குரல்தான் தாயி. அச்சு அசலா என் குரல். ஆனா நான் பேசல. எத்தனை தடவை போட்டாலும் என் குரலாத்தான் இருந்துச்சு. எனக்கே சந்தேகம் வந்துருச்சு.”

இரண்டு வருஷத்துக்கு மேல் உள்ளே வைத்திருந்தார்கள். கேஸ் போடவில்லை. கோர்ட்டில் அந்த டேப் ஒலிக்கவே இல்லை. ஒருநாள் போகலாம் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அதற்குள் நிச்சயம் செய்திருந்த பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. கடையை மூடியாகிவிட்டது. கடற்கரையில் எங்கே என்ன நடந்தாலும் முதலில் இவர் வாசலில்தான் வந்து விசாரிப்பார்கள்.

“அதுல என்ன பேசியிருந்துச்சு சார்?”

“அத யார்கிட்டயும் சொன்னதில்ல. சொன்னா, நான்தான் பேசுனேன்னு ஆயிரும்” என்றார்.

டேப்புக்கு ஏமாறாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தோம். கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் ஏதாவது நாலு வார்த்தையை மாற்றி மாற்றிச் சொல்லும். ‘உப்பு, சங்கு, பனை, ஏணி’ என்று சொன்னால் அதை அதே வரிசையில் சொந்தக் குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும். எந்த நாலு வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வாரம் தெருவில் போகிறவர்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டுப் பேசச்சொன்னார். ஜெராக்ஸ் கடைக்காரர், தபால்காரர், மிமிக்ரி செய்கிற காலேஜ் பையன் ஒருவன், எல்லோருக்கும் ‘நீங்கள் இல்லை’ என்றது கம்ப்யூட்டர். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த வாரத்தில்தான்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தம்பி வழக்கம்போல் மீன் பொட்டலத்தோடு வந்தார். வாசலில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திக்கொண்டிருந்த ஒருவனைப் பார்த்து, “ஏலே, தள்ளி விடு” என்றார்.

‘யாரு?’ என்றது கம்ப்யூட்டர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “அண்ணே, உங்களத்தான் கேக்குது. பதில் சொல்லுங்க” என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே மைக்குக்குப் பக்கத்தில் வந்து, கம்ப்யூட்டர் கேட்ட நாலு வார்த்தையையும் சொன்னார். ‘வணக்கம்’ என்று சொல்லித் திறந்துகொண்டது.

“அண்ணன் தம்பி குரல் கொஞ்சம் ஒத்துப்போகும் சார். ஒப்பிடுற அளவை இன்னும் இறுக்கணும்” என்றேன்.

அவர் திரையில் இரண்டு குரல்களின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பியிடம், “இங்கன உக்காரு” என்றார். தம்பி தயங்கினார். “உக்காருடா.” அண்ணனுக்கு முன்னால் தம்பி நாற்காலியில் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

“நான் சொல்றதச் சொல்லு. நாளைக்கு வாடை அடிக்கும், பெரியப்பா வர வேணாம்.”

தம்பியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. “நாளைக்கு வாடை அடிக்கும்” என்றார். நிறுத்தி, “பெரியப்பா வர வேணாம்” என்றார்.

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது. தம்பி தலையைக் குனிந்துகொண்டு, யாரும் கேட்காமலேயே சொன்னார். “பனங்கிழங்கு வெந்ததும் நானே சொல்றேன்.”

“ரெண்டாவது வரிய நான் ஒங்கிட்டச் சொல்லலயே” என்றார் அவர்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எழுந்து வெளியே போகலாம் என்று பார்த்தேன். போகவில்லை.

“ரிப்பேருக்கு வந்த செட்டுண்ணே. நீ சாப்புடப் போயிருந்த. டெஸ்ட் பண்ணிப் பாப்போம்னு எடுத்தேன். செட்டுக்காரன் பக்கத்துல நின்னான். இந்த ரெண்டு வரிய மட்டும் சொல்லுன்னான். என்ன ஏதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

“என்னயக் கூட்டிட்டுப் போனப்ப தெரியும்ல?”

“தெரியும்.”

“யார்ட்டயாச்சும் சொன்னியா?”

“ஆத்தாகிட்டச் சொன்னேன்.”

“ஆத்தா என்ன சொல்லுச்சு?”

தம்பி அழ ஆரம்பித்தார். “வாயத் தொறக்காதன்னுச்சு. பெரியவன் வந்துருவான், நீ போனா தாங்க மாட்டன்னுச்சு.”

அவர் எழுந்து மீன் பொட்டலத்தை எடுத்து மேசையின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார். எண்ணெய் மேசையில் படிந்திருந்தது. அதைத் துணியால் துடைத்தார். “நாளைலேர்ந்து சாயங்காலம் வா. ஒன் குரலப் பதியணும்” என்றார்.

தம்பி வந்தார். ஒரு மாதத்துக்கு மேல், கடை முடிந்து, சாப்பிடாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்து வார்த்தைகளைப் படித்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இவரும் அதே வார்த்தைகளைப் படித்தார். உப்பு. உப்பு. சங்கு. சங்கு. இருவரும் வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. தம்பி அதை ஒரு தண்டனையாக நினைத்திருக்க வேண்டும். இதோடு தீர்ந்துவிடும் என்கிற நிம்மதி அவர் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டு குரலுக்கும் நடுவே எங்கே வித்தியாசம் என்று நாங்கள் தேடினோம். கடைசியில் அகப்பட்டது. அவருக்கு வார்த்தையின் முடிவில் வரும் கரகரப்பு தம்பிக்கு ஒரு நூல் முந்தியே வந்துவிடும். கம்ப்யூட்டர் அதைப் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு தம்பி எத்தனை முறை பேசினாலும் ‘நீங்கள் இல்லை’ என்றது.

மதுரை விடுதிக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் கொடுத்தோம். பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் குரலைப் பதிந்து, தங்களுக்கு மட்டும் திறக்கும் பக்கத்தில் எதையோ பேசிப் பேசிச் சேர்த்து வைத்தார்கள். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரிடம் ஏதாவது சந்தோஷம் தெரியும் என்று பார்த்தேன். பரமக்குடி தாண்டியதும், “நாளைக்கு சிபியூவ எடுத்துக்கிட்டு ஒரு எடத்துக்குப் போகணும். நீயும் வா” என்றார்.

போனது போலீஸ் ஆபீசுக்கு. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அங்கிருந்த அதிகாரி இளவயசுக்காரர். நாற்காலி போடச்சொல்லி மரியாதையாகப் பேசினார். இவர் அது யார் குரல் என்பதை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொல்லி, “அந்த டேப்ப எடுங்க சார். இதுல போட்டுக் காட்டுறேன். அது நான் இல்லைன்னு இது சொல்லும்” என்றார்.

அதிகாரி ஒருவரை உள்ளே அனுப்பிப் பார்க்கச் சொன்னார். வெகுநேரம் கழித்து அவர் வெறுங்கையோடு வந்தார்.

“அந்தக் காலத்து டேப் எதுவும் இப்ப இல்லைங்க. எப்பவோ கழிச்சுக்கட்டியாச்சு. உங்க மேல கேஸும் இல்ல. நீங்க எதுக்குக் கவலப்படுறீங்க?” என்றார் அதிகாரி.

“அது நான் இல்லைன்னு எழுதிக் குடுங்க.”

“கேஸே இல்லாதப்போ எதை வச்சுங்க எழுதுறது?”

இவர் சிபியூவின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அதிகாரி போகச்சொல்லும் விதமாக எழுந்தார். எழுந்தவர் ஏதோ நினைத்துக்கொண்டு, “குரல் யாரோடதுன்னு தெரியும்னு சொன்னீங்கல்ல? யாரு அது?” என்றார்.

அவர் சொல்ல மாட்டார் என்றே நான் நினைத்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். தம்பியின் பெயரை, அப்பா பெயரை, கடை இருக்கும் இடத்தை.

திரும்பும்போதும் சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

மண்டபம் கடைக்கு இரண்டு போலீஸ்காரர்கள் போய்த் தம்பியைக் கூட்டிவந்து பகல் முழுக்க பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். பொழுது சாயும்போது போகச் சொல்லிவிட்டார்கள். வேறொன்றும் நடக்கவில்லை. நடப்பதற்கு அதில் எதுவும் மிச்சமும் இல்லை. ஆனால் கடைக்கு வருகிற போட்டுக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். தம்பியின் மூத்த மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கூடப் படிக்கிறவர்கள் அவளிடம் அதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

மறுநாள் அவருடைய அம்மா ஆட்டோ பிடித்து சென்டருக்கு வந்தார். நடக்க முடியாதவர். வாசலிலேயே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். இவர் வெளியே போய் நின்றார். எப்போதும் கேட்கும் கேள்வியை அன்று கேட்கவில்லை.

“ஒன்ன உள்ள வச்சிருந்தப்பகூட நான் இப்படி அழுகல” என்றார் அம்மா.

“தெரியும்” என்றார் இவர். கொஞ்சம் பொறுத்து, “அதத்தான் கேக்கணும்னு இருந்தேன். ஏன் அழுகல?” என்றார்.

அந்த அம்மா டிரைவரை வண்டியை எடுக்கச் சொன்னார்.

அதோடு தம்பி வருவது நின்றது. சென்டரின் வாடகை ஒப்பந்தம் தம்பி பெயரில் இருந்தது. காலி செய்யச் சொல்லி அவர் ஒருபோதும் கேட்கவில்லை. இவர்தான் ஒரு வாரத்தில் காலி செய்தார். சாலைத் தெரு மாடியில் சின்ன அறை ஒன்றைப் பிடித்து, பழைய மானிட்டர்களை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். எனக்கு வேறு வேலை கிடைத்தது. எப்போதாவது போய்ப் பார்ப்பேன். விடுதியில் அந்தப் புரோகிராம் நன்றாக ஓடுகிறது என்று சொல்வேன். “ம்” என்பார். அவர் செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வருஷச் சிறையை நான் இருந்து பார்த்ததில்லை. அந்தத் தம்பி ஒரு மாதம் உட்கார்ந்து வார்த்தை படித்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் அந்த அம்மா இறந்துபோனார். தகவல் சொல்லி நான்தான் அவரைக் கூட்டிப்போனேன். அவர் தெருவில் வேப்பமரத்தடியில் மற்ற ஆண்களோடு நின்றார். யாரும் அவரோடு பேச்சுக் கொடுக்கவில்லை. தம்பி ஒருமுறை வாசலுக்கு வந்து, “உள்ள வாண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சுடுகாட்டுக்கும் போய்விட்டு வந்தார்.

திரும்பி வந்த ஆண்கள் குளிக்கப் போனார்கள். இவர் வாசல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெஞ்சின் மேல் தம்பி வைத்துவிட்டுப் போன செல்போன் அடித்தது. நின்று மறுபடி அடித்தது. எடுக்க ஆள் இல்லை. அவர் எடுத்து, “அலோ” என்றார்.

சிங்கப்பூரில் இருக்கும் அத்தை. போனில் கத்திப் பேசுகிற பழக்கம். எனக்கே தெளிவாகக் கேட்டது.

“சின்னவனே, கடைசி மட்டும் நீதானய்யா ஆத்தாவப் பாத்துக்கிட்ட. நீ நல்லாயிருப்படா. அந்தப் பாவி வந்தானா? ஒங்கண்ணன்?”

அவர் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார். யார் பேசுகிறது என்று அத்தைக்குச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“வந்தாரு அத்த” என்றார்.

“என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல.”

போனை அணைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். தம்பி குளித்துவிட்டு வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.